உப்புக்காற்றும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும்: ரிப்பேரா, டோட்டல் லாஸா?

அடிபட்ட காரைச் சரி பண்ணுவதா, டோட்டல் லாஸ் என்று, அதாவது வண்டியைக் கைவிட்டு இன்சூரன்ஸில் அதன் மதிப்பை வாங்கிக்கொண்டு, முடித்துவிடுவதா என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாருமே ஓர் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்: 75. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், தாண்டாவிட்டால் ரிப்பேர். பாலிசியில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வாகனச் சேதத்தை மதிப்பிடுகிற சர்வே வேலை பார்க்கிற எனக்கு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பி, கடலோரத்தில் ஓடப்போகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் தலையெழுத்தை எழுதக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். என் அக்கா மகனின் வண்டி விஷயத்தில் அதை மிக அருகில் இருந்து பார்த்தேன்.

வண்டி ஆடி டி.டி., இரண்டாம் தலைமுறை. 1984 சி.சி. டர்போ பெட்ரோல் இன்ஜின், இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்காரும் உடம்பு. மருமகனுக்கு மண்டபத்தில் கடலுணவு வியாபாரம். பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கி, மாநிலம் மாற்றத் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) எடுத்து, டி.என். 65 நம்பர் போட்டு, பிள்ளையைப் போல வைத்திருந்தான். ஒரு மாலை மங்கிய நேரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடையில், முன்னால் கரிமூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு டிராக்டர் டிரெய்லர். சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி அனுப்புவது நம் மாவட்டத்தின் பெரிய தொழில். அந்த டிரெய்லர்களை எல்லா ரோட்டிலும் பார்க்கலாம். இதற்குப் பின்னால் விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இல்லை. கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்திருக்கிறான். டிரெய்லரின் வலது பின் மூலை, காரின் இடது முன்பக்கத்தில் இறங்கிவிட்டது. பெல்ட் போட்டிருந்தார்கள், ஏர்பேக் இரண்டும் விரிந்தன. அவனும் கூட வந்த நண்பனும் நடந்து வெளியே வந்தார்கள். டிராக்டர்க்காரருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்குப் பிறகு நான் எழுதப்போவதெல்லாம் தகரத்தையும் பணத்தையும் பற்றித்தான் என்பதே எங்கள் குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி.

உறவு என்பதால் அந்த க்ளெய்மை நான் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. கம்பெனி வேறொரு சர்வேயரை அனுப்பியது. நான் மருமகனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளாக மட்டும் இருந்தேன்.

முதலில் பணக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களே ஏமாந்துபோகிற இடம் இது.

ஐந்து வயது வரைக்கும் காரின் ஐ.டி.வி.க்கு ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 30, நான்காம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50. ஐந்தைத் தாண்டிவிட்டால் அட்டவணை கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். மருமகன் வண்டிக்கு ஐந்து வயது எப்போதோ முடிந்திருந்தது. 18 லட்சம் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதில் 75 சதவீதம் என்றால் 13.5 லட்சம்.

வொர்க்‌ஷாப் போட்ட முதல் எஸ்டிமேட் 17.5 லட்சம். உலோகப் பாகங்கள் 8 லட்சம். ஏர்பேக், பம்பர், ஹெட்லைட் போன்ற பிளாஸ்டிக் வகையறா 5 லட்சம். கண்ணாடி 1 லட்சம். லேபர் 2.5 லட்சம், பெயிண்ட் 1 லட்சம். மருமகன் உடனே போன் போட்டான்.

"மாமா, 13.5ஐத் தாண்டிருச்சே. அப்ப டோட்டல் லாஸ்தானா?"

அவன் குரலில் பயம் இருந்தது. வண்டி போய்விடுமோ என்ற பயம். நான் அவனிடம் சொன்னது: "இல்ல மாப்ள. இந்தக் கணக்குப்படி இது ரிப்பேர்தான். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு."

காரணம் இதுதான். பாலிசி வாசகத்தில் ரிப்பேர்ச் செலவு என்று மட்டும் இல்லை. பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட செலவு என்று இருக்கிறது. அதனால் பாகங்களுக்கான தேய்மானத்தைக் கழித்துவிட்டு, கம்பெனி கையை விட்டுப் போகிற தொகையைத்தான் 75 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு உலோகப் பாகத்தில் 40 சதவீதம் கழியும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றிலும் எந்த வயதானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்.

ஆக, 8 லட்சத்தில் 3.2 போனது. 5 லட்சத்தில் 2.5 போனது. பெயிண்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் 5 லட்சத்து 82 ஆயிரத்து 500 ரூபாய் கழிவு. 1500 சி.சி.க்கு மேல் என்பதால் கட்டாயப் பிடித்தம் இன்னொரு 2,000. கம்பெனி தரவேண்டியது 11 லட்சத்து 65 ஆயிரத்து 500. கோடு 13.5 லட்சத்தில் இருக்கிறது. ஆகவே ரிப்பேர். மீதி 5 லட்சத்து 84 ஆயிரத்து 500 வண்டிக்காரர் கையிலிருந்து. காரின் மதிப்பு 18, ரிப்பேர் பில் 17.5, ஆனாலும் அது டோட்டல் லாஸ் இல்லை!

புது வண்டிக்காரர்களுக்கு இந்த வலி தெரியாது. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் எடுத்திருப்பார்கள், கழிவு பெரும்பாலும் விழாது. ஜீரோ டெப் போன்ற கூடுதல் கவர்கள் பழைய வண்டிகளுக்குக் கிடைப்பது அரிது. ஸ்போர்ட்ஸ் கார்களை நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் யார் வாங்குகிறார்கள்? ஆசைப்பட்டு, காசு சேர்த்து, ஏழெட்டு வயதான வண்டியைப் பாதிக்கும் கீழான விலையில் வாங்குகிற பையன்கள். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. ஹெட்லைட்டின் விலை இறங்கவில்லை. புதிதில் இரண்டு மடங்குக்கு மேல் விலை போன காருக்குச் செய்த பாகத்தை, பதினெட்டு லட்சத்துக் காருக்கு வாங்கிப் போட வேண்டும். அதனால்தான் சாதாரண ஹேட்ச்பேக்கில் மூன்றில் ஒரு பங்கில் முடிகிற அடி, இந்த வண்டிகளில் முழு விலையைத் தொடுகிறது.

டோயிங் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண பேக்கேஜ் பாலிசியில் விபத்து இடத்திலிருந்து வண்டியைக் கொண்டுபோக 1,500 ரூபாய்தான். சாயல்குடியிலிருந்து அந்தக் கார் வொர்க்‌ஷாப் இருக்கிற நகரத்துக்குத் தட்டை ரிக்கவரி வண்டியில் போன வாடகையில் அது எந்த மூலைக்கு? தாழ்ந்த காரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. இந்தக் கடற்கரையில் இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் கவரை மட்டுமாவது விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த டி.டி.யின் உடம்பில் 69 சதவீதம் அலுமினியம், 31 சதவீதம் ஸ்டீல். முன்பக்கம் இன்ஜின் எடை இருப்பதால் முன்னால் அலுமினியம். எடை சமமாக வரட்டும் என்று பின் தளம், கதவு, டிக்கி மூடியெல்லாம் ஸ்டீல். இரண்டு உலோகமும் சந்திக்கிற இடங்களில், இரண்டும் நேரடியாகத் தொடாதபடி பசையும் பூச்சும் தனி ரிவெட்டும் வைத்து ஃபாக்டரியில் கட்டியிருக்கிறார்கள். அது ஏன் என்று நம் கடற்கரையில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க, மேலே உப்புத் தண்ணீர் பட்டால், அது ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரியில் கரைந்து போவது அலுமினியம். வள்ளத்தில் அலுமினியத் தகட்டை இரும்பு ஆணியால் அடித்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு ஓட்டை பெரிதாகும், பிறகு ஆணி கையோடு வரும்.

நம் காற்று சாதாரணக் காற்று இல்லை. கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து உப்பு வருகிறது, வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களின் அரிமானத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அந்தக் காற்று தின்றுகொண்டே இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பெயிண்ட், முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள் என்று எத்தனை காவல் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். ரயில் பாலத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு மில்லிமீட்டர் கனத்துத் தகட்டில் செய்த காரை யோசியுங்கள்.

2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு, கார் வைத்திருக்கிற பையன்கள் எல்லாருக்கும் அங்கே போய்ப் படம் எடுக்காவிட்டால் தூக்கம் வராது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கார், பார்க்க அழகுதான். வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடுகிறோம் என்கிறார்கள். எந்தத் தண்ணீரில்? நம் மாவட்டத்தில் பாதி ஊர்களின் போர் தண்ணீரே உப்பு. காய்ந்ததும் பானெட் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். குடிக்கக் காவிரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற ஊரில், காரைக் கழுவ நல்ல தண்ணீர் விடச் சொல்ல எனக்கு வாய் வராது.

இதெல்லாம் ரிப்பேர்க் கேள்வியில் எங்கே வருகிறது என்றால், ஃபாக்டரியில் காரின் வெற்று உடம்பை முழுசாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, உள் மூலை முடுக்குகளிலெல்லாம் பிரைமர் ஏற்றுகிறார்கள். ரிப்பேரில் அதைத் திரும்பச் செய்ய முடியாது. வெட்டிப் புதுத் துண்டு வைத்த இடத்தில் கையால்தான் பிரைமர், கையால்தான் சீலன்ட், குழாய் விட்டு உள்ளே மெழுகு. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்த இணைப்புதான் உப்பு முதலில் தேடிப் போகிற இடம். ஒசூரில் ஓடப்போகிற காருக்கு இது பத்து வருடம் கழித்து வருகிற பிரச்சினை. மண்டபத்தில் தினம் நிற்கிற காருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதே அடி, அதே கார், அதே பில். ஊர் மாறினால் சரியான முடிவும் மாறும். எந்த எஸ்டிமேட்டிலும் இதற்கு ஒரு வரி கிடையாது.

மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. "மாமா, ஒங்களுக்கு வண்டி மேல ஆசை இல்ல, அதான் ஈசியாச் சொல்றீங்க" என்றான். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது. அந்தக் கார் அவன் முதலாக வாங்கிய ஆசைப் பொருள். கையை விட்டு ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல் போனாலும் பரவாயில்லை, வண்டி திரும்பி வரட்டும் என்று நின்றான். அவன் பணம், அவன் வண்டி. அந்த அளவில் அவனுக்கு முழு உரிமை உண்டு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: வண்டியை முழுக்கப் பிரித்து, காரின் உடம்பைப் பிடித்து நிறுத்தி அளக்கிற சட்டமான ஜிக்கில் ஏற்றி அளந்து பார்க்காமல் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே.

அதற்கு முன் எங்கள் ஊர் டிங்கர் அண்ணன் ஒருவரிடம் படங்களைக் காட்டினோம். ராமநாதபுரத்தில் அம்பாசடர் காலத்திலிருந்து தகரம் அடித்தவர். கவிழ்ந்த வேனை எழுப்பி, கதவு இடைவெளி பிசகாமல் நிறுத்துகிற கை. சைக்கிள் கடைப் பையனாக இருந்து தானே கற்றுக்கொண்டவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தவர், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, இரும்புன்னா எங்கிட்ட விடுங்க. சூடு ஏறுனா செவக்கும், எங்க நிறுத்தணும்னு கண்ணு சொல்லும். அலுமினியம் செவக்காதுப்பா. கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும், திடீர்னு சொட்டா விழுந்துரும். இத நான் தொட்டா ஒங்க மருமகன் ரோட்டுல போகையில எனக்குத் தூக்கம் வராது."

தன் தொழிலின் எல்லையை இப்படி அறிந்து சொல்கிற ஒரு கைவினைஞர் கிடைப்பது பெரிய பாக்கியம். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. ஒருமுறை வளைந்தால் அந்த இடம் இறுகிப்போகும், இழுத்தால் விரியும். அந்த வேலைக்குத் தனி அறை வேண்டும், தனிக் கருவி வேண்டும். இரும்பு அரைத்த சாணைத் தூள் அலுமினியத்தின் மேல் படிந்தாலே பிற்பாடு அங்கே அரிக்கத் தொடங்கும். இந்தக் கால ஸ்டீலும் பழைய தகரம் இல்லை. கூரையைத் தாங்குகிற பில்லரில் வருகிற கடினமான ஸ்டீலைக் கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால், பார்க்க நேராக இருக்கும், அடுத்த அடியைத் தாங்கும் பலம் மட்டும் போயிருக்கும்.

பிரித்தார்கள். அங்கேதான் முடிவு இருந்தது.

இடது முன் ஷாக் அப்சார்பர் மேலே போய் உட்காருகிற டவர், இந்தக் காரில் அலுமினிய வார்ப்பு. வீல் ஆர்ச் லைனரைக் கழற்றி, அழுக்கைத் துடைத்துப் பார்த்தபோது டவரின் அடிப்பகுதியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதன் கீழே நீளவாட்டில் ஓடும் ரெயில் என்கிற சட்டமும் உள்பக்கம் மடங்கியிருந்தது. ஜிக்கில் அளந்ததில் அந்தப் பக்கம் மேல் அளவு, ஏற்றுக்கொள்ளக்கூடிய 3 மில்லிமீட்டரைத் தாண்டி வெகுவாக விலகியிருந்தது. வார்ப்பு உலோகத்தை இழுத்து நிமிர்த்த முடியாது. வெடித்த மண்பானையை யாரும் தட்டிச் சரி பண்ணுவதில்லை அல்லவா? மாற்றத்தான் வேண்டும். அதற்கு அந்த மூலையை முழுக்கக் கழற்றி, பழைய ரிவெட்டை எடுத்து, பசை வைத்து, ஜிக்கில் பிடித்து, புதிதாக ரிவெட் அடிக்க வேண்டும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஒருவர், அவர் எந்த இடத்து ஆள் என்று சொல்லத் தேவையில்லை, மெதுவாக ஒரு யோசனை சொன்னார். வெடிப்பை ஆர்கான் வெல்டிங்கில் பற்றவைத்து, அரைத்து, சீலன்ட் போட்டு, பெயிண்ட் அடித்துவிடலாம். சில ஆயிரங்களில் முடியும். பில் ஏறாது, க்ளெய்ம் ரிப்பேராகவே போகும், வண்டியும் சீக்கிரம் கைக்கு வரும். "வெளிய தெரியாது சார்."

எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு கூசியது. அந்த டவர்தான் ரோட்டின் ஒவ்வொரு குழியையும் வாங்குகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கிற கெட்டியான ஸ்பிரிங்கும் தாழ்ந்த டயரும் குழியின் அடியைக் குறைக்காமல் அப்படியே மேலே அனுப்பும். நூற்று இருபதில் பரமக்குடி பைபாஸில் போகும்போது அந்த ஒட்டு விட்டால் ஸ்டியரிங் திருப்புகிற திசைக்கு வீல் வராது. சரி, மருமகன் மெதுவாகவே ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து விற்பான். வாங்குகிற பையனுக்கு அந்தப் பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

இதை அப்படியே மருமகனிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. வெடிப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனே கம்பெனி சர்வேயருக்குப் போன் செய்து, மறுபடி வந்து பார்க்கச் சொன்னான். அவரும் நல்ல மனிதர். வந்து, வெடிப்பைத் தானே படமெடுத்து, துணை எஸ்டிமேட் கேட்டார். கூடுதல் உலோகப் பாகம் 2.6 லட்சம், ஜிக் வேலையும் சேர்த்து லேபர் 1.2 லட்சம். மொத்த பில் 21.3 லட்சமாக ஏறியது. கழிவு போகக் கம்பெனி தரவேண்டியது 14 லட்சத்து 41 ஆயிரத்து 500. கோட்டைத் தாண்டிவிட்டது.

ஒரு மயிரிழை வெடிப்பு கண்ணில் படாமல் போயிருந்தால் கணக்கு 11.65 லட்சத்தோடு நின்றிருக்கும், அந்தக் கார் ரோட்டுக்கு வந்திருக்கும். அதனால் சொல்கிறேன், முதல் எஸ்டிமேட்டை வைத்து ரிப்பேர் என்றோ டோட்டல் லாஸ் என்றோ யாரும் முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். பிரித்த பிறகு மறு சர்வே கேளுங்கள். அளவு எடுத்த தாளைக் கேளுங்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி எழுத்தில் தந்த பதில் நியாயமாக இல்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே மனுப் போட வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

டோட்டல் லாஸ் என்று முடிவானதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் அதற்குப் பிறகுதான் கவனம் அதிகம் தேவை.

சிதைந்த வண்டிக்கு, அதாவது சால்வேஜுக்கு, ஏலத்தில் விலை கேட்பார்கள். இரண்டு விலை வந்தது. ஆர்.சி.யோடு, அதாவது பதிவுச் சான்றோடு, கொடுத்தால் 5.2 லட்சம். ஆர்.சி.யை ரத்து செய்து வெறும் வண்டியாகக் கொடுத்தால் 3.7 லட்சம். மருமகனுக்கு இரண்டிலும் வருவது ஒன்றுதான்: பிடித்தம் 2,000 போக 17 லட்சத்து 98 ஆயிரம். ஆர்.சி.யோடு என்றால் வாங்குகிறவர் 5.2 தருவார், மீதி 12.78ஐக் கம்பெனி தரும். ஆர்.சி. இல்லாமல் என்றால் கம்பெனி 14.28 தர வேண்டும். ஒன்றரை லட்சம் வித்தியாசம் கம்பெனிக்கு. அதனால் ஆர்.சி.யோடு கொடுத்துவிடுங்கள், சீக்கிரம் முடியும் என்று சொன்னார்கள்.

அந்த ஒன்றரை லட்சத்தை ஒருவர் எதற்காகக் கூடுதலாகத் தருகிறார் என்று யோசித்தாலே போதும். வெறும் பாகத்துக்காக வாங்குகிறவருக்கு ஆர்.சி. தேவையே இல்லை. ஒன்று, அந்தக் காரை எங்கேயாவது மலிவாக ஒட்டி மறுபடி ஓட விடுவார்கள். விரிந்த ஏர்பேக்குக்குப் பதிலாக உள்ளே ஒரு ரெசிஸ்டரை வைத்து எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு, மேலே கவரை மூடிவிடுகிற வேலையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால், அந்த சேஸிஸ் நம்பரை அதே மாடல் திருட்டு வண்டியில் ஏற்றுவார்கள். இரண்டிலும் ஆர்.சி.யில் இருக்கிற பெயர் மருமகனுடையது. 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். நீங்கள் டோட்டல் லாஸ் என்று பணம் வாங்கி மறந்த கார், வேறு மாநிலத்தில் ஒருவர் மேல் ஏறினால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வண்டி அழிந்துவிட்டாலோ இனி நிரந்தரமாக ஓட்ட முடியாது என்றானாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் அல்லது முடிந்த அளவு விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மருமகன் அதைக் குறிப்பிட்டு, ஆர்.சி. ரத்தான பிறகே வண்டியை ஒப்படைப்பேன் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, அவனே எழுதினான். கொஞ்சம் இழுத்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். வண்டியில் லோன் பாக்கி இல்லாததால் அந்தப் பக்கம் சிக்கல் எழவில்லை. லோன் இருந்தால் முதல் பங்கு பேங்குக்குத்தான் போகும். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரத்துச் சான்று கைக்கு வந்த பிறகு, பழைய பாகங்கள் விற்கிற ஒருவர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். இன்ஜின், கியர் பாக்ஸ், வலது கதவு, பின் கண்ணாடி, சீட், வலது ஹெட்லைட் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் இன்னும் சில டி.டி.க்களுக்கு அவை போகும், புதுப் பாகத்தின் விலையில் ஒரு சிறு பங்கில். அதில் எனக்கு மனநிறைவு உண்டு. வெடித்த டவர் இருந்த முன்பகுதியை மட்டும் நறுக்கிப் பழைய அலுமினியமாகப் போடச் சொல்லி மருமகன் கேட்டுக்கொண்டான். அவரும் சரி என்றார்.

மருமகன் இப்போது இன்னொரு டி.டி. பார்த்து வைத்திருக்கிறான், கோயம்புத்தூரில். கடல் படாத ஊர் வண்டி. போன வாரம் படங்கள் அனுப்பினான், சிவப்பு நிறம், நன்றாகத்தான் இருக்கிறது. பானெட்டைத் திறந்து இரண்டு டவரின் மேற்பகுதியையும், லைனரைக் கழற்றிவிட்டு அடிப்பகுதியையும் வெளிச்சம் அடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பழைய பாலிசி நம்பரை வைத்துக் க்ளெய்ம் எடுத்த விவரத்தையும் விற்கிறவரிடம் கேட்டிருக்கிறான். பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.